திரைக்கு ஓர் உரை: கட்டற்ற மென்பொருள் கற்பிக்கும் தமிழ் ஒலியுரைப் பாடங்களை நன்னூல்வழி மதிப்பிடல்

ஆய்வுச் சுருக்கம்

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம், கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் குறுங்காணொளிகளை உருவாக்கி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் மாற்றி வழங்கிவருகிறது. இக்காணொளிகளில் திரை ஆங்கிலத்திலும் குரல் தமிழிலும் அமைகின்றன. ஆகவே இவற்றின் தமிழைப் பிறமொழிப் பனுவல் ஒன்றுக்குச் சொல்லப்படும் உரையாகக் கொண்டு மதிப்பிடுவது பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் காண்டிகையுரையின் இலக்கணமும், பாடம் சொல்லும் முறையும், பாடம் கேட்கும் முறையும் இங்கு அளவுகோல்களாகின்றன. இப்பாடங்களின் முதன்மையான குறை கலைச்சொல் தேர்வில் இல்லை. ஆங்கில மூலத்தின் கால அளவுக்குள் தமிழைச் சுருக்கும் முறையில் உள்ளது என்பது கட்டுரை அடையும் முடிவு.

திறவுச் சொற்கள்: ஒலியுரைப் பாடம், கட்டற்ற மென்பொருள், காண்டிகையுரை, நன்னூல், குரல் மாற்றம், விழுப்புரம்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் மேற்கில் அமைந்த முகையூர் ஊராட்சி ஒன்றியம் வேளாண்மையைச் சார்ந்த பகுதி. இவ்வொன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்து, விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உள்ள கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவி ஒருத்தியை இக்கட்டுரை தன் கேட்பவராகக் கருதிக்கொள்கிறது. அவள் கையில் கணினி இருப்பதற்கு வாய்ப்புண்டு. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் கணினியை வழங்கியது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. 2018இல் வெளிவந்த மேல்நிலைப் பாடநூல்களில் உபுண்டுவும் ஓப்பன் ஆபிசும் இடம்பெற்றன.

கருவியும் மென்பொருளும் இவ்வாறு வீடுவரை வந்தன. அவற்றை அருகிலிருந்து சொல்லித்தரும் குரல் அவ்வாறு வந்ததா என்பதே எஞ்சும் வினா. அக்குரலின் இடத்தை நிரப்ப எழுந்த முயற்சிகளுள் பரப்பாலும் முறைமையாலும் குறிப்பிடத்தக்கது ஸ்போக்கன் டுட்டோரியல். இத்தகைய காணொளிகள் இக்கட்டுரையில் ‘ஒலியுரைப் பாடம்’ எனப்படும். இவை கல்வித் தொழில்நுட்பத் துறையினரால் பயன்பாட்டு நோக்கில் பேசப்படுவனவேயன்றி, தமிழ் உரைநடையின் ஒரு வகையாக எண்ணப்படுவது அரிது. மாணவர் பலர் செவிவழிக் கற்கும் தமிழ் இது என்பதால், இலக்கியத் திறனாய்வு இதனை ஒதுக்கிவிடுதல் முறையன்று.

ஒலியுரைப் பாடத்தின் அமைப்பு

வேதிப் பொறியியல் பேராசிரியரான கண்ணன் மௌட்கல்யாவின் தலைமையில் இத்திட்டம் வளர்ந்தது. நடுவண் அரசு 2009இல் தொடங்கிய, தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் வழியிலான தேசியக் கல்வி இயக்கம் இதற்கு நிதி வழங்கியது. லினக்ஸ், லிப்ரெஆபிஸ், கிம்ப், சைலேப், லேடெக், பைத்தான், சி, ஜாவா எனப் பல மென்பொருள்களுக்கும் நிரல்மொழிகளுக்கும் பாடவரிசைகள் உள்ளன.

ஒரு பாடம் ஏறக்குறையப் பத்து நிமிடம் நீளும். கணினித் திரையில் நிகழும் செயல்கள் பதிவாகும். அவற்றோடு இணைந்து ஒரு குரல் விளக்கிக்கொண்டே செல்லும். விளக்குபவரின் முகம் தோன்றாது. கற்பவர் தம் திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறுபாதியில் மென்பொருளையும் திறந்துவைத்து, பார்த்ததை உடனே செய்துபார்க்க வேண்டும். இதனை அருகருகே கற்றல் எனலாம். இணைய இணைப்பு நிலையில்லாத ஊர்களுக்கென, பாடங்களை முன்கூட்டியே தரவிறக்கிக் குறுவட்டில் பதிந்துகொள்ளும் வசதியும் உண்டு.

பாடத்தின் உருவாக்கம் எழுத்தில் தொடங்குகிறது. இன்ன காட்சி, இன்ன சொல் என இரு பத்திகளாக எழுத்துப்படி அமைக்கப்படுகிறது. அப்பொருளில் முன்னறிவு இல்லாத புதியவர் ஒருவர் அதனைப் படித்து, தாமாகவே செய்துபார்க்க இயல்கிறதா எனச் சோதிப்பார். அதன் பின்னரே பதிவு நிகழும். நூல் அச்சேறுமுன் அதனைப் புரிந்துகொள்ள இயலாதவரிடம் கொடுத்துத் திருத்துவது போன்ற இம்முறை, தமிழில் பாடநூல் எழுதுவோரும் கைக்கொள்ளத்தக்கது.

மொழிமாற்றத்தில் நிலை வேறுபடுகிறது. ஆங்கில எழுத்துப்படி இப்போது நேரம், கூற்று என இரு பத்திகளாகிறது. இன்ன நொடியில் இன்ன தொடர் தொடங்க வேண்டும் என்பது முன்பே உறுதியாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் கூற்றைத் தமிழாக்குகிறார். குரல் தருபவர் அதனைப் பதிவுசெய்து பழைய படத்தோடு பொருத்துகிறார். ஒலித்தடம் மாறுகிறது, படம் மாறுவதில்லை. பட்டிகளின் பெயர்களும் பொத்தான்களின் பெயர்களும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. கிம்ப் வரிசையின் வழித்தடம் இன்னும் நீண்டது. அதன் மூலம் ஜெர்மனியின் பிரெமன் நகரிலிருந்து ஒருவர் ஒளிப்படக் கலை குறித்து இயல்பாகப் பேசிப் பதிவுசெய்த ‘மீட் த கிம்ப்’ காணொளிகள். தனிமனிதர் ஒருவரின் பேச்சுப்போக்கு, எழுத்துப்படியாகிப் பிறமொழிக் குரலாகும்போது பேச்சின் உயிர்ப்பும் எழுத்தின் ஒழுங்கும் ஒருங்கே குறைய நேர்கிறது.

உரை என்னும் வகைமை

கண்ணுக்கு ஒரு மொழியும் செவிக்கு ஒரு மொழியும் கிடைக்கும் இவ்வமைப்பை மொழிபெயர்ப்பு என்று மட்டும் கூறுவது போதாது. மொழிபெயர்ப்பில் மூலம் மறைந்து அதன் இடத்தில் பெயர்ப்பு நிற்கும். இங்கு மூலம் கண்முன் நிற்க, அதன்மேல் தமிழ் பேசுகிறது. தமிழ் மரபில் இதற்கு நெருங்கிய வடிவம் உரை. நூற்பா ஏட்டில் நிற்கும். ஆசிரியர் அதனைச் சுட்டிப் பொருள் சொல்வார். மாணவர் நூற்பாவையும் உரையையும் ஒருசேர மனத்திற் கொள்வார்.

பவணந்தி முனிவரின் நன்னூல் பொதுப்பாயிரம் உரையை இருவகைப்படுத்துகிறது. சுருங்கிய வகையான காண்டிகையுரை கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றையும், வேண்டுமிடத்து வினா விடைகளையும் கொண்டது. ஆறுமுக நாவலர் நன்னூலுக்கே மாணவர்க்கெனக் காண்டிகையுரை எழுதியமை இவ்வடிவின் கற்பித்தல் ஆற்றலுக்குச் சான்று. பத்து நிமிட ஒலியுரைப் பாடத்துக்கு இவ்வளவுகோல் மிகையன்று. திரையில் நிகழும் செயலே எடுத்துக்காட்டு. திரையிலுள்ள ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் சொல்லுதல் பதப்பொருள். அச்செயலை எதற்காகச் செய்கிறோம் என்பது கருத்து.

இவ்வொப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. நன்னூலின் ஆசிரியர் மாணவரின் முகத்தைக் காண்பவர். பதிவான குரல் எவரையும் காண்பதில்லை. நன்னூல் ஆசிரியருக்குரிய தகுதிகளைக் குலத்தில் தொடங்கி எண்ணுகிறது. பாடம் சொல்லத்தக்கார் யாவர், தகாதார் யாவர் என்றும் வரையறுக்கிறது. மந்தபுத்தியுடையாரும் தகாதார் பட்டியலில் அடங்குவர். ஒலியுரைப் பாடம் இவ்வாயிற்காவலை நீக்கிவிடுகிறது. அதன் பொதுமப் படைப்பாக்க உரிமம், பெயர் சுட்டி அதே உரிமத்தில் பகிரும் எவரும் படியெடுக்கவும் திருத்தவும் இசைவளிக்கிறது. விரைவாகப் பற்றிக்கொள்ள இயலாதவர் பத்துமுறை கேட்பினும் குரல் சலிப்பதில்லை. இருமுறை கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் பிறர்க்கு உரைக்கும் திறம் வரும் என்னும் நன்னூலின் கருத்து, காணொளியைப் பின்னோக்கி நகர்த்தும் மாணவியிடம் நடைமுறையாகிறது. உரிமம் திறந்த வாயிலை உரையின் தமிழ் மீண்டும் மூடிவிடுகிறதா என்பதே இனி ஆராயத்தக்கது.

ஒரே அறிவுறுத்தல், மூன்று வடிவங்கள்

லிப்ரெஆபிஸ் ரைட்டரில் ஒரு கோப்பை வேறு பெயரில் சேமிக்கும் செயலை எடுத்துக்கொள்ளலாம். இதனை மூன்று வகையில் தமிழில் கூறலாம். கீழ்வருவன விளக்கத்துக்காக இக்கட்டுரையில் அமைக்கப்பட்டவை, எப்பாடத்திலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல.

(அ) ஃபைல் மெனுவில் சேவ் ஆஸை க்ளிக் செய்க.

(ஆ) கோப்புப் பட்டியில் ‘இவ்வாறு சேமி’ என்பதைச் சொடுக்குக.

(இ) திரையின் மேல்பக்கம், இடது மூலையில் ‘ஃபைல்’ என்று இருக்கிறது. ஃபைல் என்றால் கோப்பு. அதைச் சொடுக்குங்கள். விரியும் பட்டியலில் ‘சேவ் ஆஸ்’ என்பதைச் சொடுக்குங்கள். பழைய கோப்பு அப்படியே இருக்க, அதன் படி ஒன்றை வேறு பெயரில் சேமிக்க இது உதவும்.

முதல் வடிவம் விரைவானது. திரையிலுள்ள சொல்லும் செவியில் விழும் சொல்லும் ஒன்றே என்பதால் கை பிழையின்றிச் செல்லும். ஆயின் அதில் எடுத்துக்காட்டு மட்டுமே உண்டு. பதப்பொருளும் கருத்தும் இல்லை. மாணவி செயலைச் செய்துமுடிப்பாள். மென்பொருளின் பதிப்பு மாறி அப்பொத்தான் இடம்பெயர்ந்தால் தடுமாறுவாள்.

இரண்டாம் வடிவம் தூயது, பொருளும் விளங்குவது. ஆயின் ‘கோப்பு’ என்னும் சொல் அவள் காணும் திரையில் எங்கும் இல்லை. செவியிற் கேட்ட தமிழ்ச் சொல்லை மனத்தில் ஆங்கிலமாக்கி, அதன்பின் திரையில் தேட வேண்டும். ஆங்கிலம் அறியாதவருக்கென எழுதிய தொடர், ஆங்கிலம் அறிந்தவருக்கே பயன்படுவதாக முடிகிறது. கலைச்சொல் தூய்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் விமரிசனம் இம்முரணைக் காணத் தவறுகிறது.

திரையையும் தமிழாக்கிவிடலாமே என்னும் மறுப்பு இங்கு எழும். அது வலுவான மறுப்பு. கேடிஈ, குனோம், ஓப்பன் ஆபிஸ் முதலியவற்றின் இடைமுகங்களைத் தமிழாக்கத் தன்னார்வலர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கந்தொட்டே உழைத்துள்ளனர். தமிழ்த் திரையில் இரண்டாம் வடிவமே மிகச் சிறந்ததாகும். ஆயினும் கல்லூரி ஆய்வகத்திலும் பணியிடத்திலும் அம்மாணவி எதிர்கொள்ளப்போவது பெரும்பாலும் ஆங்கிலத் திரை. குரல் மாற்றிய பாடங்களின் படமும் ஆங்கிலத் திரையே. அந்நிலை மாறும்வரை உரை இரு சொற்களையும் சுமக்க வேண்டியுள்ளது.

மூன்றாம் வடிவம் அதனைச் செய்கிறது. திரைச்சொல்லை ஒலித்துக் காட்டுகிறது. அதன் பொருளை ஒருமுறை தமிழில் தருகிறது. செயலின் நோக்கத்தைக் கூறி முடிக்கிறது. இவ்விளக்கம் சொல் முதன்முறை வருமிடத்தில் மட்டும் போதும். அடுத்தடுத்த இடங்களில் முதல் வடிவமே தகும். காண்டிகையுரையின் மூன்று உறுப்புகளும் இதனுள் அமைகின்றன. இதில் உள்ள இடர் ஒன்றே: இதற்கு முதல் வடிவத்தைப் போல் பன்மடங்கு நேரம் தேவை.

தொடரமைப்பும் சுட்டுக்குறியும்

தமிழ்த் தொடரின் இயல்பு இவ்வகைப் பாடத்துக்குத் தடையென்று கருதுவது பிழை. ஆங்கில அறிவுறுத்தல் வினையில் தொடங்குகிறது: முதலில் சொடுக்கு என்கிறது, எதை, எங்கே என்பன பின்வருகின்றன. தமிழ் இடத்தை முதலிலும் பொருளை அடுத்தும் வினையை இறுதியிலும் வைக்கிறது. திரையில் சுட்டுக்குறியும் இவ்வரிசையிலேயே நகர்கிறது: பட்டிக்குச் செல்கிறது, பொத்தானை அடைகிறது, பின்னரே சொடுக்குகிறது. இயல்பான தமிழ்த் தொடர் திரைச்செயலோடு உடன்செல்லும் ஆற்றலுடையது.

இவ்வாற்றல் கெடுவது நீண்ட பெயரெச்சத் தொடர்களில். முந்தைய பாடத்தில் நாம் உருவாக்கிச் சேமித்து மூடிய கோப்பு என்பதுபோல் அடைகள் அடுக்கப்படும்போது, தலைமைச்சொல் வந்துசேர்வதற்குள் சுட்டுக்குறி கோப்பைத் திறந்துவிடுகிறது. கண்ணால் வாசிப்பவர் பின்சென்று படிக்கலாம். செவியால் கேட்பவர் ஒரு தொடரை இழந்தால் அடுத்த தொடரையும் இழக்கிறார். முதலில் கோப்பைப் பெயர் சொல்லிச் சுட்டி, பின்னர் அதன் வரலாற்றைத் தனித்தொடராகக் கூறுவதே செவிக்கு ஏற்றது.

ஏவல் வடிவமும் கருதத்தக்கது. ‘செய்க’ என்னும் வியங்கோள் குறுகியது, கண்ணியமானது. ‘செய்யவும்’ என்பது அறிவிப்புப் பலகையின் தொனியுடையது. ‘செய்யுங்கள்’ என்பதில் எதிரில் ஒருவர் இருக்கிறார். நேரப் பத்தியின் நெருக்கடியில் ‘செய்க’ வெல்வது இயல்பு. ஆயினும் பத்து நிமிடம் இடைவிடாது வரும் வியங்கோள், அருகிலிருந்து சொல்லித்தரும் உணர்வைக் குறைத்துவிடுகிறது.

விரையாமை

பாடம் சொல்லும் முறையைக் கூறும் நன்னூல், ஆசிரியர் விரையாமலும் வெகுளாமலும், கொள்பவரின் கொள்திறன் அறிந்தும் சொல்ல வேண்டும் என்கிறது. ஒலியுரைப் பாடத்துக்கு இவற்றுள் தலையாயது விரையாமை. மூல ஆங்கிலப் பாடம் இதனைப் பெரிதும் பேணுகிறது. புதியவரைக்கொண்டு சோதிக்கும் முறையே அதற்குக் காவல். ஆயின் ஆங்கிலத்தில் நிதானமாக அமைந்த ஒரு தொடரின் நொடிகளுக்குள், ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களையும் திரைச்சொற்களையும் அடக்க முயலும்போது, குரல் விரையவோ விளக்கம் சுருங்கவோ நேர்கிறது. எனவே முதல் வடிவத்தை நாடுவதை மொழிபெயர்ப்பாளரின் தமிழறிவுக் குறையாகக் காட்டுவது நேர்மையன்று. ஆங்கிலத்தின் மூச்சுக்கு வகுத்த காலத்தில் தமிழ் மூச்சுவிட வேண்டியிருப்பதே காரணம்.

இதற்கான மாற்று எளியது. கேடென்லைவ் போன்ற கட்டற்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் ஒரு சட்டகத்தை வேண்டிய நொடிகள் நிறுத்திவைக்க இயலும். உரை முடியும்வரை படம் காத்திருக்கலாம். இதனால் பத்து நிமிடப் பாடம் பதின்மூன்று, பதினான்கு நிமிடமாகலாம்; புதிய சொற்கள் மிகுந்த முதற்பாடங்களே அவ்வாறு நீளும். கால ஒற்றுமை குரல் மாற்றுவோர்க்கு வசதி. கற்பவர்க்கு அதனால் ஆகும் பயன் இல்லை. பன்மொழிப் பாடங்களை ஒரே சீராகப் பேணும் திட்டத்துக்கு இது கூடுதல் உழைப்பு என்பது உண்மையே. ஆயினும் ஆங்கிலப் பாடத்துக்குரிய புதியவர் சோதனையைத் தமிழ்ப் பதிவுக்கும் தமிழ்வழி மாணவர் ஒருவரைக்கொண்டு செய்தால், எங்கெங்கே படம் நிற்க வேண்டும் என்பது தானே புலப்படும்.

கால் பங்கும் முக்கால் பங்கும்

ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவர் அடைவது கால் பங்கே; உடன்பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால்; பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதி நிறையும் என்பது நன்னூல் தரும் கணக்கு. எத்துணைச் சிறந்த ஒலியுரைப் பாடமும் முதற் காலை மட்டுமே தரவல்லது.

தமிழ் மண்ணில் இக்கணக்குக்கு முன்னிகழ்வு உண்டு. 1960களில் வானொலியின் வேளாண் ஒலிபரப்பு தஞ்சைப் பகுதியில் ஏடிடீ 27 என்னும் நெல்வகையைப் பரப்பத் துணைநின்றது. உழவர்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். குரல் செய்தியைக் கொணர்ந்தது. உழவர்கள் கூடிக் கேட்டதும், ஒருவர் வயலை மற்றவர் பார்த்ததும் அதனைப் பயிராக்கின.

விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வ அமைப்புகளின் பணியை இப்பின்னணியில் மதிப்பிட வேண்டும். சிற்றூர் மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கட்டணமின்றிக் கற்பிக்கும் இக்குழு, உடன்பயிலுதலுக்கும் எடுத்துரைத்தலுக்கும் களம் அமைக்கிறது. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் அதன் ‘எளிய தமிழில்’ நூல்வரிசையும் மற்றொரு வழியைக் காட்டுகின்றன. அவை ஆங்கில எழுத்துப்படி ஒன்றின் நொடிகளுக்குக் கட்டுப்படாமல், தமிழில் எண்ணித் தமிழில் எழுதப்பட்டவை. முகையூர் மாணவி ஒரு பாடத்தை மும்முறை கேட்டுத் தேர்ந்து, தன் ஊர்த் தங்கைக்குத் தன் சொற்களில் அதனைப் பதிவுசெய்து தரும்போதுதான் நன்னூல் கூறும் பாதி நிறைவுறும். அதற்கான உரிமையை உரிமம் முன்பே அளித்துவிட்டது. ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி போன்ற கருவிகளும் விலையின்றிக் கிடைக்கின்றன.

முடிவுரை

ஒலியுரைப் பாடத்தின் தமிழை உரையாகக் கொண்டு நோக்கும்போது மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, திரைச்சொல்லா தமிழ்ச்சொல்லா என்னும் வினா தவறாக அமைந்தது; முதன்முறை வருமிடத்தில் இரண்டும் தேவை, கருத்தும் உடன்தேவை. இரண்டாவது, இடம், பொருள், வினை என்னும் தமிழ்த் தொடரின் வரிசை திரைச்செயலுக்கு இயைந்தது. நீண்ட அடைத்தொடர்களைத் தவிர்த்தால் அவ்வியைபு நிலைக்கும். மூன்றாவது, இவ்விரண்டையும் செய்ய விடாமல் தடுப்பது நேரப் பத்தி; படத்தைத் தமிழுக்காக நிறுத்திவைத்தால் அத்தடை நீங்கும்.

அச்சான நூலின் மீதான விமரிசனம் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஒலியுரைப் பாடத்தின் எழுத்துப்படி இணையத்தில் அனைவர் பார்வைக்கும் உள்ளது. உரிமம் திருத்த இசைவளிக்கிறது. சுவடிகளை ஒப்புநோக்கித் திருத்திய பதிப்பு மரபு தமிழ்த்துறைகளுக்குப் புதிதன்று. அதே கவனத்தோடு ஒரு பாடவரிசையை எடுத்து, மாணவர்முன் இயக்கிப் பார்த்து, தடுமாறிய இடங்களைத் திருத்தி மீளப் பதிவுசெய்தல் தமிழ் முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்குத் தகுந்த பணி. அதனைத் தொடங்க லினக்ஸ் வரிசையின் முதற்பாடம் ஒன்றே போதும்.